புதுச்சேரிக் கோயில்களில் பாட்டு: மேல்மாடத்திலிருந்து பீடத்தருகே

புதுச்சேரிக் கத்தோலிக்கக் கோயில்களில் சனங்களைப் பாடவைப்பதற்கென்று ஒருவர் முன்னால் நிற்கும் வழக்கத்துக்கு ஏறத்தாழ அறுபது வயது. அதற்கு முந்திய முந்நூறு ஆண்டுக்கு நெருங்கிய காலத்தில் பூசையில் பாடுவது பாடற்குழுவின் வேலையாக இருந்தது. குழு கோயிலின் பின்பக்கம், தலைவாசலுக்கு மேலே உள்ள மாடத்தில் நிற்கும். கீழே இருப்பவர்களுக்குப் பாட்டு முதுகுப்புறமிருந்து வரும், பாடுபவர் முகம் தெரியாது. இன்று பாடுபவர் பீடத்துக்குப் பக்கத்தில், சனங்களைப் பார்த்து நிற்கிறார். இந்த இடமாற்றத்துக்குப் பின்னால் மொழி, இசைக்கருவி, ஆண்-பெண் வேறுபாடு, உரோமையின் சட்டம், பிரெஞ்சு ஆட்சியின் முடிவு ஆகிய எல்லாம் இருக்கின்றன.

1674இல் பிரெஞ்சுக்காரர் இங்கே கால் ஊன்றியபோது அவர்களுடைய ஆன்ம காரியங்களைக் கப்புச்சின் துறவிகள் பார்த்தனர். பிறகு வந்த இயேசு சபையார் தமிழ்க் கிறிஸ்தவர்களைப் பொறுப்பேற்றனர். ஊர் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிந்ததுபோல் கோயில்களும் பிரிந்தன. துய்மா வீதியில் இருக்கும் சம்மனசுகளின் மாதா கோயிலை ஊரார் இன்றும் 'கப்ஸ் கோயில்' என்கிறார்கள். கப்புச்சின் என்ற சொல் தேய்ந்து மிஞ்சியது அது. மிஷன் வீதியில் உள்ள அமலோற்பவ மாதா பேராலயம் 'சம்பா கோயில்'. இயேசு சபையாரின் மடங்களைப் போர்த்துகீசியர் 'சாவ் பாவ்லோ' என்று அழைத்ததன் தமிழ்த் திரிபு இது என்பார்கள். பதினான்காம் லூயியின் பண உதவியோடு 1692இல் எழுந்த முதல் கட்டடம் டச்சுக்காரர் கையில் அழிந்தது. 1736இல் முடிந்த கட்டடத்தை 1761இல் ஆங்கிலேயர் இடித்தனர். இப்போது நிற்பது 1770இல் தொடங்கி 1791இல் அபிஷேகம் பெற்றது. கட்டடங்கள் மாறியபோதும் உள்ளே நடந்த வழிபாட்டின் மொழி இலத்தீனாகவே இருந்தது.

அந்த வழிபாட்டில் சனங்களுக்கு என்ன பங்கு என்பதைப் பழைய தமிழ்ச் சொல் ஒன்று சொல்லிவிடும். பூசைக்குப் போவதைக் கத்தோலிக்கர் 'பூசை காண்பது' என்றனர். ஞாயிறும் கடன் திருநாளும் முழுப் பூசை காண வேண்டும் என்றே ஞானோபதேசமும் கற்பித்தது. காண்பதுதான் கடமை, பாடுவது அல்ல. சாமியார் பீடத்தை நோக்கி நின்று தாழ்ந்த குரலில் இலத்தீனில் சொல்லிக்கொண்டிருப்பார். கீழே இருப்பவர்கள் செபமாலை உருட்டுவார்கள் அல்லது தமிழ்ச் செபம் சொல்வார்கள். மணி அடித்ததும் தலை தாழ்த்துவார்கள். பெரிய திருநாட்களில் பாட்டுப் பூசை நடக்கும். கீரியே, குளோரியா, கிரேதோ, சாங்துஸ், அஞ்ஞுஸ் தேயி என்ற ஐந்தும் மாடத்திலிருந்து இறங்கிவரும். அன்றன்றைக்கு மாறும் பாடல்கள் தனி. அவற்றைக் கிரகோரியன் பாட்டு தெரிந்தவர்கள்தான் பாட முடியும். நான்கே கோடுகளில் சதுரச் சதுரமாகப் பொறித்த சுரக்குறிகளைப் பார்த்துப் பாடும் கலை அது. பிரான்ஸின் சொலேம் மடத்துத் துறவிகள் 1896இல் வெளியிட்ட 'லீபர் உசுவாலிஸ்' என்ற தடித்த நூல், பின்னர் உலகெங்கும் பாடற்குழுக்களின் கைநூலானது. நற்கருணை ஆசீரில் பாடும் 'தாந்தும் எர்கோ' மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுச் சனங்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. பொருள் தெரியாமல், அட்சரம் பிசகாமல் அதைப் பாடும் முதியவர்களை அண்மைக்காலம் வரை காண முடிந்தது.

இதை வைத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் பாடத் தெரியாதவர்களாக இருந்தார்கள் என்று எண்ணினால் தவறு. பூசைக்கு வெளியே அவர்கள் ஓயாமல் பாடினார்கள். தேர்ப் பவனியில், இழவு வீட்டில், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், வீட்டு முற்றத்து மாதா வணக்கத்தில் பாட்டு தமிழிலேயே ஓடியது. வீரமாமுனிவர் காவியத்தோடு நிற்காமல் அம்மானையும் கலம்பகமும் இயற்றினார். இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' பெரிய வாரத்தில் இராகம் போட்டு வாசிக்கப்பட்டது. ஒப்பாரியின் நடை தெரிந்த ஊரில் ஆண்டவருடைய பாடுகளுக்கு அழ யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மாயவரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) பத்தொன்பதாம் நூற்றாண்டில் கத்தோலிக்கருக்குக் கீர்த்தனைகளைத் தந்தார். 1832இல் வந்த துய்ப்புயி அடிகளின் முயற்சியில் 1840 அளவில் புதுச்சேரியில் மிஷன் அச்சகம் அமைந்த பிறகு, தமிழ்ச் செப நூல்கள் வீடுதோறும் போய்ச் சேர்ந்தன.

பூசைக்கு வெளியே ஒலித்த இந்தப் பாட்டுகளை நடத்தியவர் உபதேசியார். மன்றாட்டு மாலையை நினைத்துப் பார்த்தால் போதும். உபதேசியார் புனிதர் பெயரை ஓர் இழுப்போடு சொல்வார், கூட்டம் ஒரே குரலில் பதில் சொல்லும். அவர் மூச்சு விடும் இடத்தில் கூட்டம் மூச்சுப் பிடிக்கும். புத்தகம் வேண்டாம், ஆர்மோனியப் பெட்டி வேண்டாம், எழுத்தும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இன்று கோயிலில் பாட்டை நடத்துபவரின் வமிசத்தைத் தேடினால், அது மாடத்தில் நின்ற பாடற்குழுத் தலைவரிடம் போகாது, இந்த உபதேசியாரிடம்தான் போகும். பாடற்குழுவில் பல ஆண்டு பாடிய ஒருவர் பாட்டு நடத்த முன்னால் வரும்போது தடுமாறுவதற்கும் இதுவே காரணம். குழுவில் கற்ற கலை வேறு, உபதேசியாரின் கலை வேறு.

தெற்கே தரங்கம்பாடியில் நிலைமை மாறாக இருந்தது. 1706இல் அங்கே இறங்கிய லூத்தரன் சபைப் போதகர் சீகன்பால்குவும் அவர் வழிவந்தவர்களும் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழில் பெயர்த்து, ஆராதனைக்குள்ளேயே சபையாரைப் பாட வைத்தனர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்தில் அந்த மெட்டுகளுக்குப் பக்கத்தில் கருநாடக இராகங்களும் இடம் பிடித்தன. லூத்தரின் சபையில் பாட்டு தொடக்கத்திலிருந்தே சபையாரின் உடைமை. கத்தோலிக்கர் அந்த இடத்துக்கு வர இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆனது.

இடையில் ஊர் இசைக்கும் கோயிலுக்கும் உள்ள உறவைத் தொட்ட ஓர் ஆணை புதுச்சேரியிலேயே பிறந்தது. பாப்பரசரின் தூதராக 1703 நவம்பரில் இங்கு வந்து தங்கிய தூர்னோன், 1704 ஜூனில் மலபார் சடங்குகள், அதாவது கிறிஸ்தவர்கள் தொடர்ந்து கடைப்பிடித்த உள்ளூர் வழக்கங்கள், பற்றிய தீர்ப்பை எழுதினார். திருமணத்தில் தேங்காய் உடைப்பது, பூப்புச் சடங்கு, நெற்றி நீறு ஆகியவற்றோடு, கிறிஸ்தவரான மேளக்காரரும் குழல்காரரும் இந்துக் கோயில் விழாக்களில் வாசிக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்திருந்தது. பதினான்காம் பெனடிக்ட் 1744இல் இந்தத் தடைகளை உறுதிசெய்தார். வாசிப்பதே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்களுக்கு இது சோற்றைத் தொட்ட ஆணை. இசைக்கலைஞரை ஊர்த் திருவிழாவிலிருந்து விலக்கிய திருச்சபை, தன் பூசைக்குள்ளும் அவருக்கு இடம் தரவில்லை.

யார் எங்கே நிற்பது என்ற கேள்வி கருவிகளோடு முடியவில்லை. சாதிக் கிறிஸ்தவரையும் பறையர் கிறிஸ்தவரையும் பிரித்துச் சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. அதை எதிர்த்து ஒடுக்கப்பட்டவர்கள் குரல் எழுப்பியதையும் சுவர் அகற்றப்பட்டதையும் 1745 அக்டோபரில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சபை முழுவதும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடுவது என்ற எண்ணத்தின் எடை, இப்படிச் சுவர் நின்ற கோயிலில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, 1776இல் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையார் பொறுப்புக்கு வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு அவர்களுடைய நூற்றாண்டு. 1827இல் குளூனி கன்னியர் வந்தனர். 1844இல் போன்னான் ஆண்டவர் கூட்டிய மறைமாநில மாமன்றம் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதை முதல் கடமையாக்கியது. அதே ஆண்டில் பெத்தி செமினேர் (சிறு குருமடம்) தோன்றியது. 1886இல் புதுச்சேரி உயர் மறைமாவட்டமாயிற்று. கால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் கோயில்களுக்குள் வந்ததும் இந்த நூற்றாண்டில்தான். 1842இல் பாரிஸில் தெபேன் காப்புரிமை பெற்ற பெட்டி அது. ஐரோப்பியக் கோயில்களின் குழாய் ஆர்கனை வெயிலும் உப்புக்காற்றும் அடிக்கும் கடற்கரை ஊரில் கட்டிக்காப்பது பெரும்பாடு, ஆர்மோனியத்தை நாலு பேர் தூக்கி வைத்துவிடலாம். பின்னாளில் கல்கத்தாக்காரர்கள் அதைக் கையால் துருத்தி தள்ளும் சிறு பெட்டியாக்கியபோது, அது தரையில் சப்பணமிட்டு உட்கார்பவரின் மடிக்கு முன்னால் வந்து சேர்ந்தது. மாடத்திலிருந்து பாட்டு இறங்கும் முன்பே கருவி இறங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

1903 நவம்பர் 22 அன்று பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட இசை ஆணை இருமுனைக் கத்தி. கிரகோரியன் பாட்டை மக்கள் நாவுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றது அதுவே. பாடற்குழு வழிபாட்டுப் பணி ஆற்றுவதால் பெண்கள் அதில் சேரக் கூடாது, மேல்சுரத்துக்குச் சிறுவர்களைப் பயன்படுத்துக என்றதும் அதுவே. பியானோவும் முரசு, தாளம் போன்ற ஓசைக் கருவிகளும் கோயிலுக்குள் வரக் கூடாது என்றும் சொல்லிற்று. மிருதங்கத்தின் பெயரைச் சொல்லாமலே அதற்குக் கதவு சாத்தப்பட்டது. புகைவண்டி நிலையத்துக்கு அருகே கோத்திக் பாணியில் 1902இல் தொடங்கிய இருதய ஆண்டவர் கோயில் இந்த ஆணையின் நிழலில்தான் வளர்ந்து, 1907 டிசம்பர் 17 அன்று முதல் பூசை கண்டது. வண்ணக் கண்ணாடியும் கூர்வளைவும் பாரிஸை நினைவூட்ட, இலத்தீன் பாட்டுக்குப் பொருத்தமான எதிரொலியோடு கட்டிய கோயில் அது. தமிழில் கூட்டமாகப் பாடும்போது அதே எதிரொலி சொற்களைக் குழப்பிவிடும். 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர்தான் சில வரம்புகளோடு பெண் குரலுக்குக் கதவை ஓரளவு திறந்தார்.

ஏறத்தாழ அதே பத்தாண்டில் புதுச்சேரியில் இரண்டு மொழிகள் ஒன்றாக இடம் மாறின. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிந்தது. 1955இல் முதல் இந்தியப் பேராயராக அம்புரோஸ் பொறுப்பேற்றார். 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான ஒப்படைப்பும் நிறைவேறியது. அது நடந்து இரண்டு மாதம் முடிவதற்குள், அக்டோபர் 11 அன்று உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்த திருவழிபாட்டுக் கொள்கை, தாய்மொழிக்கும் அந்தந்த நாட்டு இசைக்கும் வழிவிட்டது. 1965 தவக்காலத்தின் முதல் ஞாயிறான மார்ச் 7 முதல் உலகெங்கும் தாய்மொழி பூசைக்குள் பெருமளவில் நுழைந்தது. சாமியார் சனங்கள் பக்கம் திரும்பினார். 'பூசை' மெல்லத் 'திருப்பலி' ஆனது, 'காண்பது' போய்ப் 'பங்கேற்பது' வந்தது. அரசு அலுவலகத்திலிருந்து பிரெஞ்சும் பீடத்திலிருந்து இலத்தீனும் கிட்டத்தட்ட ஒரே தலைமுறையின் கண்முன்னே விலகியது இந்த ஊருக்கே உரிய அனுபவம்.

பாட்டைப் பொறுத்தவரை முக்கியமான ஆவணம் 1967 மார்ச் 5 அன்று வந்த இசை பற்றிய அறிவுரை. திருப்பலியின் மாறும் பாடல்கள், மாறாப் பாடல்கள் எல்லாவற்றையும் சனங்களை ஒதுக்கிவிட்டுக் குழுவே பாடும் வழக்கத்தை அது ஏற்கவில்லை. குழு நிற்கும் இடம், அது கூடியிருக்கும் சபையின் ஒரு பகுதி என்பதைக் காட்ட வேண்டும் என்றது. ஆண்கள், பெண்கள், இருபாலரும் சேர்ந்தவர்கள் என எவ்வகைக் குழுவையும் ஏற்றது. குழு அமையாத இடத்தில் பயிற்சி பெற்ற ஓரிரு பாடகராவது முன்னின்று சனங்களைத் தாங்கிப் பாட வேண்டும் என்றும் கூறியது. 1969இன் புதிய திருப்பலி முறை, முதல் வாசகத்துக்குப் பின் பதிலுரைப் பாடலை வைத்தது. ஒருவர் சரணங்களைப் பாட, எல்லாரும் பல்லவியைத் திருப்பிப் பாடும் அமைப்பு அது. பாட்டு நடத்துபவர் என்ற பதவிக்கு வேலை கிடைத்தது அந்த இடத்தில்தான்.

இந்த மாற்றத்துக்கு இந்தியாவில் உருவம் கொடுத்தவர்களில் இருவர் புதுச்சேரி மறைமாவட்டத்துக் குருக்கள், ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பழைய தென்னார்க்காட்டுக் கல்லேரியில் பிறந்த லூர்துசாமி, பின்னர் பெங்களூர்ப் பேராயராக இருந்தபோது இந்திய ஆயர் பேரவையின் வழிபாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1985இல் கர்தினாலானார். அவர் தம்பி அமலோற்பவதாஸ் (1932–1990) திண்டிவனத்தில் மறைக்கல்விப் பணியில் தொடங்கி, 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை நிறுவினார். ஆரத்தி, குத்துவிளக்கு, அஞ்சலி, தரையில் அமர்தல் உள்ளிட்ட பன்னிரண்டு இந்திய முறைகளுக்கு உரோமை 1969 ஏப்ரல் 25 அன்று இசைவு தந்ததில் இந்தச் சகோதரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எதிர்ப்பும் இல்லாமல் இல்லை, கோயிலை இந்துமயமாக்குகிறார்கள் என்ற கூச்சல் பல ஆண்டு ஓயவில்லை. ஆனால் பஜனைப் பாட்டு வடிவம் கோயிலுக்குள் நிலைத்துவிட்டது. நாமாவளியில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் திருப்பிச் சொல்வதும், கீர்த்தனையில் பல்லவிக்குத் திரும்புவதும், சங்கம் கேட்ட பதிலுரை முறைக்கு அச்சில் வார்த்ததுபோல் பொருந்தின. 1977இல் திருச்சியில் தொடங்கிய கலைக்காவிரி போன்ற நிறுவனங்கள் இந்த இசைக்குப் பயிற்சியும் ஒலிப்பதிவும் தந்தன.

பாடற்குழுவிலிருந்து முன்னால் வருபவர் புதிதாகக் கற்க வேண்டியவை சில உண்டு. முதலாவது சுருதி. குழுவிலுள்ள பெண்பிள்ளைகள் உச்சத்தில் சுகமாகப் பாடும் பாட்டு, சனங்களுக்கு எட்டாது. சரணம் மேலே ஏறும்போது ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள், பாட்டிமார் முணுமுணுப்போடு நின்றுவிடுவார்கள். நடத்துபவர் தம் குரலுக்கு இதமான கட்டையை விட்டுவிட்டு, எல்லாரும் எட்டக்கூடிய நடுத்தரக் கட்டைக்குப் பாட்டை இறக்க வேண்டும். அடுத்தது எடுப்பு. பல்லவியை ஒருமுறை தனியாக, எந்தச் சங்கதியும் போடாமல் பாடிக் காட்டி, கையை மெல்ல உயர்த்தி, சனங்கள் மூச்செடுக்க ஒரு கணம் விட்டு, அவர்களோடு சேர வேண்டும். பல்லவியில் பிருகா போட்டால் அது கச்சேரியாகிவிடும். சனங்கள் பிடித்துக்கொண்ட பிறகு ஒலிவாங்கியிலிருந்து ஓர் அடி பின்னால் போவது இன்னும் கடினம். நல்ல குரல் உள்ளவர்களுக்குத்தான் இந்த ஓர் அடி மிகவும் வலிக்கும். குழுவில் பாடும்போது பக்கத்தில் இருப்பவரின் குரலோடு கலந்தால் போதும். இங்கே முன்னால் இருக்கும் நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்த்து, யார் வாய் அசைகிறது, எந்த வரிசை பின்தங்குகிறது என்று கவனித்துக்கொண்டே பாட வேண்டும்.

தொடக்கத்தில் இந்த வேலையை எடுத்தவர்கள் உபதேசியார்களும் கன்னியரும் பள்ளி ஆசிரியர்களும். 1903இல் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட இடத்தில், எழுபதுகளுக்குப் பிறகு பெண்கள் முன்னின்று பாட்டை எடுத்துக் கொடுத்தார்கள். இது பேசப்படாமல் நடந்த பெரிய மாற்றம். இன்று பல பங்குகளில் பாட்டு நடத்துவது பெரும்பாலும் பெண்களே.

எழுபதுகளில் இந்தியாவுக்கு வந்த அருங்கொடை இயக்கம் வேறொரு பாட்டுப் பழக்கத்தைக் கொண்டுவந்தது. கைதட்டல், குட்டை வரிகள், திரும்பத் திரும்ப வரும் மெட்டு, உணர்ச்சி ஏறும் வரை நிறுத்தாத ஓட்டம். பெந்தெகொஸ்தே சபைகளின் ஆராதனைப் பாட்டுகளும் ஒலிநாடா வழியே கத்தோலிக்க வீடுகளுக்குள் வந்தன. கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியேறிய பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்களை எந்தச் சபையார் பாடவில்லை? கூடவே மின்விசைப் பலகை வந்து ஆர்மோனியத்தை ஓரங்கட்டியது. தாளத்தையும் அதுவே போட்டது. அந்தத் தாளம் யாருக்காகவும் நிற்காது. முதியவர்கள் ஒரு சொல் பின்தங்கினால் பாட்டு அவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். ஒலிபெருக்கி பெருத்த கோயில்களில் பழைய மேல்மாடம் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது என்பதே நியாயமான மதிப்பீடு. ஐந்தாறு பேர் நன்றாகப் பாடுகிறார்கள், மற்றவர்கள் மறுபடியும் பூசை காண்கிறார்கள்.

கப்ஸ் கோயிலில் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் திருப்பலி நடந்துவருகிறது. பெரிய வியாழன் மாலையில் வானவர் கீதம் (குளோரியா) முடிந்ததும் மணி ஓய்ந்துவிடும், பாஸ்கா இரவு வரை அதன் இடத்தில் மரக்கட்டை தட்டப்படும். இந்த நாட்களில் பாட்டுக்குத் துணையாகவன்றி இசைக்கருவி ஒலிப்பதில்லை, பல இடங்களில் துணைக்கும் வாசிப்பதில்லை. பெரிய வெள்ளியன்று பாடுகளின் பாட்டை ஒருவர் வெறுங்குரலில் எடுக்கிறார். 1965க்கு முன்பும் பாடிய அதே புலம்பல் மெட்டில், புத்தகம் பார்க்காமல், கோயில் முழுவதும் பதில் பாடுகிறது.